டீ மெஷின் நிறுத்திய தறிகள்

சங்கரன்கோவில்.

அன்புள்ள மச்சான் அப்சலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சென்னையில் தாங்களும் பாஜிலாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். இங்கு நானும் தங்கள் அக்கா நஸ்ரினும் சுகம். என் விசைத்தறிகள் சுகமில்லை. காரணம் தாங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்திருந்தபோது, தொழில் ஆலோசகர் என்ற முறையில் என் தறிக்கூடத்தைச் சுற்றிப் பார்த்தீர்கள். ஆட்கள் எதிரே உள்ள சண்முகையா டீக்கடைக்கு நாளுக்கு மூன்று தடவை டீ குடிக்கப் போவதால் நேரம் வீணாகிறது, கூடத்துக்குள்ளேயே டீ மெஷின் வையுங்கள் என்றீர்கள். எம்.காம். படித்த நானும் வைத்தேன். ஆட்கள் வெளியே போவது நின்றது. தறியும் நின்றது.

தறியில் பாவு நூல் தீர்ந்தால், புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்க, எங்கள் தெருவுக்கே ஒரே ஆளான மகாராஜன் வர வேண்டும். அவர் போனை எடுப்பவரல்லர். சண்முகையா கடை பெஞ்சில் இருப்பார். முதலில் டீ வாங்கிக் கொடுப்பவரோடு எழுந்து போவார். என் ஆட்கள்தான் அந்தப் பக்கமே போவதில்லையே! ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட சேலைகள் ஆறு தறிகளில் பாதியில் தொங்கின. நானே போய் அழைத்தேன்.

"ஒங்க மெஷின் டீ போடுதுல்லா பாய், பாவும் பிணைக்கும். அதுகிட்ட சொல்லுங்க" என்றார்.

என் ஆட்களின் வியாபாரம் போனதால் பத்தே நாளில் சண்முகையா கடையைப் பூட்டினார். மகாராஜன் ரயில் நிலையப் பக்கத்துப் பெஞ்சுக்குக் குடிபெயர்ந்தார். பாவு தீர்ந்த தறிக்காரர்களெல்லாம் அவ்வளவு தூரம் நடந்தார்கள். நடக்குமுன் என் வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். நேற்று மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சண்முகையா வீட்டுக்கே போனேன்.

"என்ன பாய், டீ நல்லால்லியோ?"

"டீ நல்லாத்தான் இருக்கு. கடையத் தெறயும் வே."

"தெறக்குதேன். மெஷின் எனக்குத்தான், சொல்லிப்புட்டேன்."

இன்று காலை கடை திறந்தது. மகாராஜன் திரும்பிவிட்டார். நண்பகலுக்குள் இரண்டு தறிகள் ஓடின. இன்ஷா அல்லாஹ், தபசுக்குள் சேலைகள் போய்ச் சேரும்.

ஆகவே, இனி என் தொழில் குறித்துத் தாங்கள் எந்த ஆலோசனையும் வழங்க வேண்டாமெனப் பணிவுடனும் உறுதியுடனும் கேட்டுக்கொள்கிறேன். பாஜிலாவுக்கு ஸலாம். பிள்ளைகளின் படிப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
முகம்மது சைஃபுல்லா, எம்.காம்.

பி.கு.: என் தறிக்கூடத்தின் வாசல் அறை சும்மா கிடக்கிறது. வாடகை வேண்டாம், கடையை இங்கேயே மாற்றிக்கொள்ளும் என்று சண்முகையாவிடம் சொல்லிவிட்டேன். இனித் தெருவில் எவருக்குப் பாவு தீர்ந்தாலும் என் வாசலுக்குத்தான் வர வேண்டும். மகாராஜனுக்கு முதல் டீ என்னுடையது. பெஞ்சைக் கதவுக்கு இடப்பக்கம் போடுவதா வலப்பக்கமா என்பதில் தங்கள் ஆலோசனை அவசரமாகத் தேவைப்படுகிறது. ஞாயிறன்று அவசியம் வரவும்.