கமலவேணி சாகவில்லை

தென்காசியில் என்னைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி இருந்ததில்லை என்று அடித்துச் சொல்வேன். (அப்படி அடித்துச் சொல்வதற்கும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.) பல்லி சொன்னால் பயம். பூனை குறுக்கே வந்தால் பயம். வராவிட்டால் எங்கே போய்த் தொலைந்தது என்று பயம். பட்டப்பகலில் புறவாசல் கிணற்றுக்குப் போவதென்றாலும் பக்கத்து வீட்டு ஆவுடையக்காளைக் கூப்பிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ஏதாவது பேசிக்கொண்டே இருக்கச் சொல்வேன். இப்படிப்பட்ட நான்தான், யுத்தத்துக்குச் சில வருஷங்களுக்கு முன்னால், ஊர் ஊராகப் பெண்களைத் தூங்கவிடாமல் அடித்த ஒரு கொலை மர்மத் தொடர்கதையின் ஆசிரியை. வாரப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: 'தென்காசி ஸ்ரீமதி உலகம்மாள் எழுதும் ஏலமலைப் பங்களா அல்லது கமலவேணியின் கதி'.

எழுதியது என் வீட்டுக்காரர். அவர் பெயரை நான் சொல்லக்கூடாது. அந்தக் காலத்தில் பத்திரிகையும் சொல்லக்கூடாது. ஏனென்றால் அவர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் அனுமதி இல்லாமல் கதை கிதை எழுதினால் சீட்டுக் கிழிந்துவிடும் என்று பயம். புதிதாக வந்திருந்த தாசில்தார், போன ஊரில் வெண்பா பாடி அச்சில் போட்ட ஒரு குமாஸ்தாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் வண்டி ஏறினார் என்று கச்சேரியில் பேச்சு. வெண்பாவுக்கே அப்படியென்றால், ஆறு கொலைக்கு என்ன ஆகும்?

அதனால் என் பெயர். அப்போது இது பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. பத்திரிகைகளில் எழுதிய ஸ்ரீமதிகளில் பாதிப் பேருக்கு மீசை இருந்தது. தவிர, எங்கள் ஊர் அம்மன் உலகம்மன். தெருவுக்கு நாலு உலகம்மாள் உண்டு. "எந்த உலகம்மாளைன்னு போயி எவன் தேடுவான்? நீ சும்மா இரு" என்றார் அவர்.

நானும் சும்மாதான் இருந்தேன். முதல் அத்தியாயத்தை மட்டும் படித்தேன். அதில் ஒரு பங்களா ஜன்னல் வழியாக ஒரு கை உள்ளே வரும். அதோடு சரி. அதற்குப் பிறகு பத்திரிகை வந்தால் அரிசிப் பானைக்கு அடியில் வைத்து அழுத்திவிடுவேன்.

ஆனி மாதம் சாரல் தொடங்கியது. தாசில்தார் குடும்பத்தோடு குற்றாலத்தில் ஒரு பங்களா எடுத்துத் தங்கினார். அவர் சம்சாரம், அதாவது தாசில்தாரம்மா, எங்கள் தொடர்கதை என்றால் சோறு தண்ணீர் வேண்டாதவர் என்பது எங்களுக்கு எங்கே தெரியும்? கதை எழுதுகிற அந்த உலகம்மாளைப் பார்த்தே தீரவேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்க, தாசில்தார் தபால்காரரைக் கூப்பிட்டுக் கேட்க, அந்த மனுஷர் அரை நிமிஷத்தில் எங்கள் வீட்டைக் காட்டிக்கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் கச்சேரியிலிருந்து வந்தபோது முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"ஏளா, தாசில்தார் கூப்பிட்டுக் கேட்டுட்டாரு. 'கதை எழுதுத உலகம்மாள் உம்ம பெஞ்சாதியாவே?'ன்னாரு. ஆமான்னுட்டேன்."

"அப்புறம்?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம் குத்தாலத்துக்கு உன்னைக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லிட்டாரு. அந்தம்மாவும் சிநேகிதிமாரும் உன்கூடப் பேசணுமாம்."

"என்னத்தப் பேச? எனக்கு ஒரு எழவும் தெரியாதே!"

"நான் சொல்லித்தாரேன். பயப்படாத."

பயப்படாதே என்று என்னிடம் சொல்வது, மழையைப் பார்த்து நனையாதே என்று சொல்வது போல. நான் உளறிவிட்டால் அவர் உத்தியோகம் போகும். உத்தியோகம் போனால் வடகரையில் என் மாமனார் வயலில் போய் நிற்க வேண்டியதுதான். இவருக்கோ வரப்பில் நடக்கக்கூட வராது. அதை நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் முழுக்கதையையும் அவர் எனக்குச் சொல்ல உட்கார்ந்தார். சொன்னார்தான். ஆனால் குரலைத் தாழ்த்தி "அப்பத்தான்..." என்று அவர் தொடங்கும்போதெல்லாம் நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டுவிட்டேன். கடைசியில் கணக்குப் பார்த்தால், அந்தக் கதையில் யார் யார் எப்போது காப்பி குடித்தார்கள் என்பது மட்டும் எனக்கு நன்றாகப் பாடமாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை வில்வண்டியில் கிளம்பினோம். வழியில் இன்னும் கொஞ்சம் சொல்லித்தரலாம் என்றால் வண்டிக்காரன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேகம் மலையிலிருந்து இறங்கி ரோட்டிலேயே நடந்து வந்தது. நடுப்பகல் அந்திபோல் இருண்டு கிடந்தது. பங்களா வாசலுக்கு முன்னால் ஒரு பலாமரத்தடியில் அவர் நின்றுகொண்டார். பெண்கள் கூட்டத்துக்குள் ஆண்பிள்ளை வர முடியாது. "தைரியமாப் போ" என்றார். சொன்னவர் குடையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

படியேறித் தலையை நிமிர்த்தினேன். என் உயிர் அங்கேயே போயிருக்க வேண்டும்.

வராந்தாவில் வரிசையாக ஏழெட்டுப் பெண்கள். எல்லாரும் தலையை விரித்துப் போட்டிருந்தார்கள். முடி முகத்தை மறைத்துத் தொங்கியது. சுற்றிலும் வெள்ளைப் புகை. ஒருத்தி மெதுவாக முடியை விலக்கி, சிவந்த கண்ணோடு என்னைப் பார்த்து, "வந்துட்டியளா?" என்றாள்.

"ஐயோ, அம்மா!" என்று நான் அலறிய அலறலில் பங்களாக் கூரையில் இருந்த குரங்குகள் சிதறி ஓடின.

அருவியில் குளித்துவிட்டு வந்து சாம்பிராணி போட்டுத் தலை காயவைத்துக்கொண்டிருந்தார்கள், பாவம். அந்தக் கண்ணுக்குக் காரணம் எண்ணெய்க் குளியல். அப்படிக் கேட்டவர்தான் தாசில்தாரம்மா. ஆனால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பாத்தியளா! வாசல்லயே கதையை நடிச்சுக் காட்டிட்டாக!" என்று பூரித்துப்போய் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

நேந்திரங்காய் வறுவல் வந்தது, மங்குஸ்தான் வந்தது, காப்பி வந்தது. கேள்விகளும் வந்தன. நான் பெரும்பாலும் சிரித்தே சமாளித்தேன். ஒருத்தி, "அந்த மூணாவது கொலை நடந்த அன்னைக்கு..." என்று ஆரம்பித்தாள். "அன்னைக்கு எல்லாரும் காப்பி குடிச்சாக" என்று முந்திக்கொண்டேன். "எத்தனை நுணுக்கமா ஞாபகம் வச்சிருக்காக!" என்று அவர்கள் வியந்தார்கள்.

பிறகு தாசில்தாரம்மா என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார்.

"ஏம்மா, அந்த வில்லன் பூதலிங்கம் இருக்கானே, பாதகம் செய்ய முன்னால பெட்டிச் சாவியால காது குடைவானே, அதை எங்கன பிடிச்சிய? எங்க வீட்டுல அவுகளும் அச்சு அசல் அப்படித்தான் குடைவாக!"

படுபாவி மனுஷர், எதிரில் உட்கார்ந்து பார்த்த தாசில்தாரையே வில்லனாக்கி வைத்திருக்கிறாரே! இதை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாரா? (சொல்லியிருப்பார். காதைப் பொத்தியிருந்திருப்பேன்.) என் வீட்டுக்காரர் பார்த்து எழுதியது என்று நான் வாய் தவறினால் அவர் தொலைந்தார். "எங்க அப்பாவும் அப்படித்தான் குடைவாக" என்று அவசரமாகச் சொன்னேன். எங்கள் அப்பா ஜென்மத்தில் சாவியைக் கையில் தொட்டதில்லை. சாவியெல்லாம் அம்மாவிடம்தான்.

அப்போது உள் அறையில், பாதி சாத்தியிருந்த கதவுக்குப் பின்னால், சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது.

"அவுக இருக்காகளா?" என்று என் வாயிலிருந்து காற்றுத்தான் வந்தது.

"கிராமங்களுக்குக் காம்ப்பு போக வேண்டியது. மழையில போகலை" என்றார் தாசில்தாரம்மா சாதாரணமாக. "அது கிடக்கட்டும். போன வாரம் கமலவேணியை அந்த அறைக்குள்ள விட்டுக் கதவைச் சாத்திட்டியளே. அவ இருக்காளா, செத்தாளா? அதைச் சொல்லாம உங்களை விட மாட்டோம்."

கமலவேணி எந்த அறையில் இருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது.

உள்ளேயிருந்து ஒரு கனத்த குரல் வந்தது. "கேளு, நல்லாக் கேளு. எழுதுனவளுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

அந்தக் குரலைக் கேட்டதும் என் கண் இருட்டியது. வடகரை வயல் தெரிந்தது. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் விழுவது தெரிந்தது. இனிப் பேசாமல் இருந்தால் காரியம் கெட்டது. கமலவேணியைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு அறையில் தனியாக அடைபட்டவளுக்கு என்ன தோன்றும் என்பது, இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம். அதைச் சொல்லத் தொடங்கினேன்.

"முதல்ல மழைச் சத்தம் மட்டுந்தான் கேக்குது. நல்லாக் கேட்டா, மழைக்குள்ள இன்னொரு சத்தம். ஈரக் காலு தரையில வைக்கிற சத்தம். திரும்பிப் பாக்கணும்னு இருக்கு, கழுத்து திரும்ப மாட்டேங்குது. சத்தம் நின்னுபோச்சு. நின்னதுதான் பெரிய பயம். இப்ப அது எங்கன இருக்குன்னு தெரியலையே..."

சொல்லச் சொல்ல எனக்கே பின்கழுத்தில் ஈரக் காற்றுப் பட்டது. நான் தாசில்தாரம்மா கையை இறுக்கிப் பிடித்தேன். அவர் பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்தார். அப்படியே வரிசை முழுக்கப் பிடித்துக்கொண்டது. "அவ காதுக்குப் பக்கத்துல ஒரு மூச்சு" என்றேன். உள் அறையில் டமார் என்று ஒரு சத்தம். எல்லாரும் ஒரே குரலில் அலறினோம். அதில் ஆண் குரல் ஒன்றும் இருந்தது.

கதவு திறந்தது. தாசில்தார் நின்றார். சாவிக்கொத்து கீழே கிடந்தது, நாற்காலியும் கிடந்தது.

"கமலவேணி?" என்றார் அவர். அவருக்கும் மூச்சு வாங்கியது.

"சாகலை!" என்று கத்தினேன். "சாகவே மாட்டா! கட்டிலுக்கு அடியில ஒரு வழி இருக்கு!"

வராந்தா முழுவதும் பெருமூச்சு விட்டது. தாசில்தாரம்மா எனக்குக் குங்குமம் வைத்து, ஒரு கூடை மங்குஸ்தான் கொடுத்து அனுப்பினார்.

பலாமரத்தடியில் அவர் தெப்பமாக நனைந்து நின்றார். குடையைத் தலைக்குப் பிடிக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. நடந்ததை ஓட்டமாகச் சொன்னேன். வில்லன் விஷயத்துக்குப் பல்லைக் கடித்தார். கமலவேணி சாகவில்லை என்றதும் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏளா, அவளை நேத்தே கொன்னு, தகனமும் பண்ணி, தபால்ல போட்டுட்டேனே!"

தாசில்தார் காது கேட்க ஆசிரியை சத்தியம் பண்ணியிருக்கிறாள். அடுத்த வாரம் பத்திரிகையில் கமலவேணி சாம்பலாக வந்தால், கதையை எழுதியது வேறு ஆள் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். வண்டியை நேராகத் தென்காசித் தந்தி ஆபீசுக்கு விட்டோம். பத்திரிகாசிரியருக்கு இங்கிலீஷில் ஒரு தந்தி. அதன் அர்த்தம் இவ்வளவுதான்: கமலவேணி சாகவில்லை. தகனத்தை நிறுத்தவும்.

தந்தி குமாஸ்தா வாசித்துப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஐயையோ அண்ணாச்சி! யாரு இது? உசிரோடயா எரிக்கப் போறாக?" என்று கேட்டவர், எங்கள் பதிலுக்குக்கூட நிற்காமல் அடிக்க உட்கார்ந்தார். பொழுது சாய்வதற்குள் எங்கள் வீட்டு வாசலில் ஊர் கூடிவிட்டது. ஆவுடையக்காள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "யாருட்டி கமலவேணி? உனக்குச் சித்தி மகளா?" என்றாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? நானும் சேர்ந்து அழுதேன். எனக்கு அன்றைக்கு அழுவதற்கு வேண்டிய காரணம் இருந்தது.

தந்திச் செய்தி மறுநாளே கச்சேரிக்கும் போய்விட்டது. தாசில்தார் என் வீட்டுக்காரரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். வீட்டில் நான் உலகம்மனுக்கு நேர்ந்துகொண்டு, உலை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வந்தார். உத்தியோகம் இருக்கிறது என்று முதலில் சொன்னார். பிறகு சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். வாங்கிக் கட்டிக்கொண்டதை ஒவ்வொரு வார்த்தையாகத்தான் பிடுங்க முடிந்தது.

தாசில்தார் சாவியால் காதைக் குடைந்துகொண்டே சொன்னாராம்: "ஓய், உம்ம பெஞ்சாதி நேத்துச் சொன்னதைக் கேட்டு எனக்கு ராத்திரி தூக்கம் இல்லவே. ஆனா பத்திரிகையில வாரப்போ அங்கங்க கதை செத்துப்போகுது. 'மேற்படி பங்களாவின் மேற்படி ஜன்னல்'னு எவளாவது எழுதுவாளா? நீர் நடுவுல புகுந்து திருத்துதீரு, இல்லையா? கச்சேரி ரிப்போர்ட்டு வாடை அடிக்குது. அந்தப் புள்ளை சொல்லுததை அப்படியே எழுதும். கை வைக்காதேயும்!"

உத்தியோகம் தப்பித்தது. ஆசிரியர் போய்விட்டார்.

இரண்டு நாள் அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அடுக்களைக்கே வந்து, "சொல்லு, அந்தக் கட்டிலுக்கு அடியில என்ன இருந்துச்சு?" என்றார். அன்றிலிருந்து பதினைந்து தொடர்கதைகள் நான் பயந்தேன், அவர் எழுதினார். இன்று அவர் ரிடயராகி வீட்டில் இருக்கிறார். ரசத்துக்கு உப்புப் போடப் போனாலும், ரேடியோவைத் திருகப் போனாலும், கல்யாணப் பேச்சில் ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தாலும், எங்கள் வீட்டில் மருமகள் முதற்கொண்டு ஒரே குரலில் சொல்வது இதுதான்: "கை வைக்காதேயும்!"

அவரும் உடனே எடுத்துவிடுவார்.