சிங்கக்கால் சோபா

சோபாவின் முன்னங்கால் முறிந்தபோது மணி பன்னிரண்டு. நாடகம் மூன்று மணிக்கு.

"அண்ணே, நான் ஒண்ணும் பண்ணல. அதுவா உடைஞ்சிடுச்சு" என்றான் கதாநாயகன். அவனுடைய தொண்ணூற்றைந்து கிலோவும் கரை தட்டிய படகு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து சோபாவிலேயே கிடந்தது.

"சாப்பிடப் போற நேரத்துல எதுக்குடா இதுல ஏறிக் குதிச்சே?"

"இன்னிக்குக் கடைசி நாளாச்சே. ரெண்டாம் அங்கத்துல விழுறதை ஒரு தடவை பழகிப் பாத்துக்கலாம்னு..."

"இருபத்தொன்பது நாள் விழுந்தும் வராத நடிப்பு இன்னிக்குத்தான் வரப்போகுதா? எந்திரிடா முதல்ல!"

கத்தியவரை அந்த நாடகக் குழுவில் எல்லாரும் பசை என்றுதான் கூப்பிடுவார்கள். மேடையில் வைக்கிற நாற்காலி, மேசை, கடிகாரம், கைத்தடி எல்லாம் அவர் பொறுப்பு. எது உடைந்தாலும் ஒட்டிவிடுவார் என்பதால் வந்த பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். கால் பாதியில் முறிந்திருந்தது. உடைந்தது யாருடைய சோபா என்பதுதான் அதைவிடப் பெரிய சிக்கல்.

அது சம்பளத்துக்கு நடிக்கிறவர்களின் குழு. பதினோரு நடிகர்கள், நானூறு இருக்கையுள்ள சொந்த அரங்கம். ஆனால் அதைத் தூக்கி நிறுத்துவது ஊர்க்காரர்கள் கூடி வைத்திருக்கும் அரங்க நண்பர்கள் சங்கம். வாசலில் டிக்கெட் கிழிப்பது, இருட்டில் விளக்கடித்து இருக்கை காட்டுவது, கிழிந்த திரையைத் தைப்பது எல்லாம் அவர்கள்தான். அதைவிட முக்கியம், மேடைக்கு வேண்டிய மேசை நாற்காலிகளைத் தங்கள் வீட்டிலிருந்தே இரவல் கொடுப்பார்கள். குழு இதுவரை ஒரு முக்காலிகூட வாங்கியதில்லை.

இதற்குப் பசை ஒரு முறை வைத்திருந்தார். வந்து இறங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை. யார் வீட்டுப் பொருள், வரும்போதே இருந்த கீறல் எத்தனை, கறை எங்கே என்று எல்லாம் அதில் ஏறிவிடும். திருப்பிக் கொடுக்கும்போது உடையவரை வைத்துக்கொண்டே அட்டையையும் பொருளையும் ஒத்துப் பார்ப்பார். ஒரு கீறல் கூடியிருக்கக் கூடாது. இருபத்திரண்டு வருடமாகக் கூடியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் வீட்டுக் கதவுகள் திறந்தன.

சோபாவின் அட்டையில் இப்படி எழுதியிருந்தது: "மூன்று பேர் அமர்வது. இடது ஓரம் பள்ளம். இடது கைப்பிடியில் எண்ணெய்க் கறை. கால்கள் நான்கும் நலம். உடையவர்: சங்கத் தலைவி."

அந்தத் தலைவி இன்று முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்கப் போகிறார். நாடகம் முடிந்ததும் அவர் வீட்டு வேன் வந்து சோபாவை ஏற்றிக்கொண்டு போகும்.

விஷயம் காதுக்கு எட்டியதும் நிர்வாகி ஓடிவந்தார். "யோவ் பசை, அந்தம்மா வாயைத் திறந்தா நூறு வீட்டுக் கதவு மூடிக்கும். அடுத்த நாடகத்துக்கு ஒரு வீட்டுச் சாமான் பூரா வேணும். தரையில உக்காத்தி வெச்சா நடிக்க முடியுமா? மூணு மணிக்குள்ள சோபா பழையபடி நிக்கணும். இல்லேன்னா நீ நிக்க வேணாம்."

"நிக்கும் சார்" என்றார் பசை.

ஒட்ட முடியாது. மரப்பசை இறுக ஒரு ராத்திரி முழுக்க வேண்டும். அவசரப்படுத்தினால் பாதி நாடகத்தில் கழுத்தை அறுத்துவிடும். பசை யோசித்தார். ஒரு கால் குட்டையானால் மற்ற மூன்றையும் அந்தக் குட்டைக்கே கொண்டுவந்துவிட்டால் என்ன? சோபா கொஞ்சம் தாழும், அவ்வளவுதான். முப்பது நாள் வீட்டில் இல்லாத சோபாவின் உயரம் யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது?

ரம்பத்தையும் ரசமட்டத்தையும் எடுத்துவந்தார். ரசமட்டத்தின் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு நீர்க்குமிழி இருக்கும். அது நடுக்கோட்டில் வந்து நின்றால் பொருள் மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு காலாக அறுத்தார், வைத்தார், குமிழியைப் பார்த்தார். அரை மணி நேரத்தில் குமிழி நட்டநடுவில் வந்து தூங்கியது.

"அக்கா! இங்க வந்து பாரு" என்று கூவினார்.

உடைப் பிரிவில் தைக்கிறவள் அவருடைய கூடப் பிறந்த அக்கா. வாயில் நான்கு குண்டூசிகளோடு வந்து நின்றாள். சோபாவைப் பார்த்தாள். மேடைத் தரையைப் பார்த்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள்.

"ஏன்டா தம்பி, அந்தம்மா வீட்டுத் தரையும் இப்படித்தான் சரிஞ்சு கிடக்குமா?"

பசை ரம்பத்தைக் கீழே போட்டார். அந்த மேடை சரிவு மேடை. பின்னால் நிற்கிற நடிகரையும் ஜனங்கள் முழுசாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தரையைப் பின்பக்கம் உயர்த்தி, பார்வையாளர் பக்கம் தாழ்த்திக் கட்டியிருந்தார்கள். அதனால் எந்தப் பொருளை வைத்தாலும் முன்னங்கால்களுக்கு அடியில் ஆப்பு வைப்பார் பசை. ஊரெல்லாம் ஆப்பு வைப்பவனைத் திட்டும்; இங்கே அதற்குச் சம்பளம். பழகிப்போன அந்தச் சரிவு அவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. இன்று ஆப்பை உருவிவிட்டு அப்படியே அறுத்துத் தள்ளியிருந்தார். இனி இந்தச் சோபா உலகத்திலேயே இந்த ஒரு மேடையில்தான் மட்டமாக நிற்கும்.

"தூக்கு, தூக்கு! நடைவழிக்குக் கொண்டு போ!"

நடைவழித் தரை மட்டம். அங்கே சோபா பின்பக்கம் மல்லாந்து கூரையைப் பார்த்தது. முன்னங்கால்களை அறுத்தார். வலது கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது. இடதைத் திருத்தினார். பின்னங்காலைத் திருத்தினார். ஒருவழியாகக் குமிழி நடுவுக்கு வந்தபோது கால் என்று சொல்லிக்கொள்ள ஒரு விரல்கடைதான் மிச்சம்.

கதாநாயகன் உட்கார்ந்து பார்த்தான். அவன் முழங்கால்கள் காதுகளைத் தொட்டன.

"அண்ணே, இதுல உக்காந்து அழுதா ஜனங்க என்னைப் பிடிச்சுத் தூக்கிவிடத்தான் வருவாங்க."

மணி ஒன்றே முக்கால்.

"அரியாசனம்!" என்று கத்திக்கொண்டு கிடங்குக்கு ஓடினார் பசை.

குழுவுக்குச் சொந்தமான ஒரே இருக்கை அது. எந்த ராஜா வந்தாலும் அதில்தான் உட்காருவார். கால்கள் நான்கும் சிங்கப் பாதங்கள், நகம் வரை தங்க நிறம். பசை அதைத் தலைகீழாகக் கவிழ்த்து ரம்பத்தை வைத்தார்.

"டேய், அடுத்து ராஜா நாடகம் போட்டா அவர் எங்க உக்காருவார்?" என்றாள் அக்கா.

"ராஜா நிப்பார். ஜனங்க மேல அவ்வளவு அக்கறை."

இந்தத் தடவை அவர் ஏமாறவில்லை. அரியாசனம் இந்த மேடைக்கென்றே செய்தது. அதன் முன்னங்கால்கள் பின்னங்கால்களைவிட இரண்டு விரல்கடை அதிக நீளம். முதலிலேயே கவனித்து, பின்னங்கால்களுக்கு மேல் மரத்துண்டு கொடுத்து நான்கையும் சமமாக்கினார். சோபாவின் மரம் பழையது, ஆணி தாங்காது. அதனால் அடியில் கட்டில் கட்டுவது போல நீளவாக்கில் இரண்டு, குறுக்கே மூன்று இரும்புச் சட்டங்கள் வைத்து, போல்ட் போட்டு முறுக்கினார். சட்டங்கள் விளக்குத் தொங்கவிடுகிற கம்பத்திலிருந்து வந்தவை. அதில் தொங்க வேண்டிய மூன்று விளக்குகள் தரையில் கிடந்தன.

"நிலா வெளிச்சம் எங்கய்யா?" என்று விளக்குக்காரர் அலறினார்.

"இன்னிக்கு அமாவாசைன்னு வெச்சுக்க!"

தங்க நிறத்தை மறைக்க வேண்டும். பெயின்ட் காயாது. செருப்புக்குப் பூசும் பழுப்புப் பாலிஷை அக்கா கொண்டுவந்தாள். நான்கு சிங்கங்களுக்கும் உட்கார்ந்து பாலிஷ் போட்டார்கள். "விரலாவது தெரியாம இருக்கா?" என்றார் பசை. "தெரியுது. ஆனா நகம் வெட்டின சிங்கம் மாதிரி பதவிசாத்தான் இருக்கு" என்றாள் அக்கா.

மூன்றடிக்க ஐந்து நிமிடம். சோபா மேடையில் ஏறியது. ஆப்பு வைக்கப்பட்டது. உறுதியாகத்தான் நின்றது. ஆனால் அந்த உறுதியைச் சோதித்துப் பார்க்கும் தைரியம் பசைக்கு இல்லை. கதாநாயகனைத் தூணோரம் இழுத்தார்.

"உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன். இன்னிக்கு அதுல உக்காராதே."

"அண்ணே, ரெண்டாம் அங்கம் பூரா அதுல விழுந்து அழறதுதான் என் வேஷமே!"

"நின்னு அழு. துக்கத்துக்கு நாற்காலி எதுக்கு?"

நாடகம் தொடங்கியது. பசை மேடைப் பக்கத்திரையின் இடுக்கு வழியாக ஒரு கண்ணால் பார்த்தார். முதல் வரிசை நடுவில் சங்கத் தலைவி. நடிகர்கள் இடதுபக்கம் பேசினார்கள், வலதுபக்கம் பேசினார்கள். அந்தம்மாவின் பார்வை சோபாவை விட்டு அசையவே இல்லை.

"பாத்துட்டாங்க அக்கா. காலைப் பாத்துட்டாங்க."

"சும்மா இருடா. மனுஷங்க சொந்தச் சாமானைப் பாக்க மாட்டாங்களா?"

இரண்டாம் அங்கம் வந்தது. தொழில் நொடித்துப்போன கதாநாயகன் வாசலிலிருந்து ஓடிவந்தான். தலைவி இருக்கை நுனிக்கு வந்து, இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்துக் கோத்துக்கொண்டார். பாதி எழுந்தேவிட்டார். கதாநாயகன் சோபாவுக்கு ஒரு முழம் தள்ளிச் சடாரென்று நின்றான். பயணச்சீட்டுப் பரிசோதகர் மாதிரி விறைப்பாக நின்று, விசும்ப ஆரம்பித்தான். தலைவி பொத்தென்று உட்கார்ந்தார்.

மனைவியாக நடித்தவள் உள்ளே வந்தாள். அவளிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"எத்தனை நாளைக்குத்தான் இப்படியே உக்காந்திருப்பீங்க?" என்று நின்றுகொண்டிருந்தவனைப் பார்த்து உருக்கமாகக் கேட்டாள்.

நானூறு பேரும் சிரித்தார்கள். அவள் திடுக்கிட்டுப் பின்வாங்க, வெள்ளை அங்கியின் ஓரம் சிங்கக்காலில் உரசியது. திரும்பியபோது பழுப்பாக ஐந்து விரல் தடம் தெரிந்தது. இன்னொரு சிரிப்பு கிளம்பியது. முதல் வரிசையில் ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை.

கடைசிக் காட்சியில் கதாநாயகனால் ஆசையை அடக்க முடியவில்லை. சிரிப்பு வாங்கிய அவமானம் வேறு. பசை இடுக்கிலிருந்து கைகளை ஆட்ட ஆட்ட, அவன் நான்கடி பின்னால் போய், ஓடிவந்து, எகிறி, தொண்ணூற்றைந்து கிலோவோடும் சோபாவில் விழுந்தான்.

பசை கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு கிறீச் சத்தம்கூட வரவில்லை. சோபா கல்லாட்டம் நின்றது. கண்ணைத் திறந்தபோது, தலைவி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார்.

திரை விழுந்ததும் அவர் நேராக மேடைக்கு வந்தார். பசை அட்டையோடு நின்றார்.

"ஒண்ணும் ஆகலையா?" என்றார் தலைவி.

இல்லை என்று சொல்லத்தான் பசை வாயைத் திறந்தார். ஆனால் இருபத்திரண்டு வருடப் பழக்கம் அட்டையில் பொய் எழுத விடவில்லை.

"ஆச்சுங்கம்மா. கால் உடைஞ்சுது. அறுத்தேன். தப்பா அறுத்தேன். திரும்ப அறுத்தேன். இப்ப இருக்கிறது அரியாசனத்தோட கால். எம்மேலதான் தப்பு. மத்தவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. ஆனா ஒண்ணு, அடியில இரும்புச் சட்டம் போட்டிருக்கேன். இனிமே நீங்களே உடைக்க நினைச்சாலும் முடியாது. இன்னும் நாப்பது வருஷத்துக்கு அசையாது."

"நாப்பது வருஷமா?"

"அதுக்கு மேலயும் வரும்மா."

தலைவி பசையைப் பார்த்தார். சோபாவைப் பார்த்தார். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

நிர்வாகி மூச்சிரைக்க ஓடிவந்தார். "என்னய்யா சொன்னே அவங்ககிட்ட? அழுதுகிட்டே கார்ல ஏறுறாங்க! போச்சு, நூறு வீடும் போச்சு!"

பசை மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். வேன் ஓட்டுநரும் இன்னொரு ஆளும் சோபாவைத் தூக்கப் பார்த்தார்கள். இரும்பின் கனத்தில் அது அசையவில்லை. ஓட்டுநர் குனிந்து அடியில் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"ஏம்ப்பா, அந்தம்மாவுக்கு இது மேல அவ்வளவு உசிரா?" என்றார் பசை, பரிதாபமாக.

ஓட்டுநர் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"உசிரா? அவங்க வீட்டு ஐயா ரிட்டையரான நாள்லேர்ந்து இந்தச் சோபாவை விட்டு எந்திரிக்கிறதே இல்லைங்க. தெனம் ஒரு தடியன் ஏறிக் குதிக்கிற நாடகம் எதுன்னு விசாரிச்சுத்தானே அம்மா இதை உங்ககிட்ட அனுப்பி வெச்சாங்க!"