நாலு சால்வை போர்த்திய வரவேற்புரை

"...எல்லாம் சரி, அவன் கைல மட்டும் மைக்க குடுத்துடாதீங்கப்பா, சாப்பாடு ஆறிப்பூடும்" என்றார் ஏழுமலை அண்ணன். போன மாதம், பொன்னேரியில் என் மகளின் நிச்சயதார்த்தத்தில். பெண்ணைப் பெற்றவன் நான். வந்தவர்களை வாங்க என்று சொல்லக்கூட எனக்கு அனுமதி இல்லை. சம்பந்தி புரியாமல் முழித்தார். "அது பெரிய கதைங்க" என்று என் மனைவி ஸ்டெல்லா ஆரம்பித்தாள். அவள் சொன்னால் காரம் கூடிவிடும். நானே சொல்லிவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைகளில் கிரேன் ஓட்டுகிறவர்களுக்கென்று ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். ஏழுமலை அண்ணன்தான் தலைவர். அப்போது நான் செயலாளர் (வேலை தெரிந்ததால் அல்ல, வாய் ஓயாததால்). கூரையை ஒட்டித் தொங்கும் தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்துதான் கிரேனை ஓட்டவேண்டும். கீழே உலை. அதன் அனல் வேறு எங்கே போகும், நேராக மேலேதான். ஒரு கோடையில் அண்ணன் கூண்டிலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டார். கூண்டுக்கு ஏசி வேண்டும் என்று அரசாங்கத்துக்கு மனு மேல் மனு போட்டோம். பரிசீலனையில் இருக்கிறது என்றே பதில் வந்தது.

அந்தச் சமயத்தில், வெயிலிலும் அனலிலும் வேலை செய்கிறவர்களைப் பார்க்க ஒரு சர்வதேச அமைப்பிலிருந்து வெள்ளைக்கார அம்மா ஒருவர் வந்தார். தொழிலாளர் துறை அதிகாரியே கூட்டிவந்தார். எங்களுக்கு அரை மணி நேரம்.

"அந்தம்மா ரிப்போர்ட்டுல ஒரு வரி வந்தா போதும் நைனா, நம்ம மனுவுக்கு உசுரு வந்துரும். நீ வாங்கன்னு ரெண்டு வார்த்த சொல்லிட்டு குந்து. மீதிய நான் பேசிக்கிறேன்" என்றார் அண்ணன்.

ரெண்டு வார்த்தை. என்னிடம்.

மே மாத மதியம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மண்டபம். ஆரணி ஆறு வரவேற்கிறது என்றேன். காட்டுப்பள்ளிக் கடல் வரவேற்கிறது என்றேன். புறநகர் ரயிலைக்கூட விடவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு பெண் இங்கிலீஷில் திருப்பிச் சொன்னதால் எல்லாமே இரண்டு மடங்கு நீண்டது. அப்புறம் சால்வை. தலைவர் போர்த்தினால் துணைத்தலைவர் சும்மா இருப்பாரா? அவர் போர்த்தினால் பொருளாளர்? கடைசியில் அடியேன். போர்த்தியதும் எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடலாம் என்று அந்தம்மாவுக்கு யார் சொன்னது? மரியாதைக்காக நாலையும் போர்த்திக்கொண்டே இருந்தார். கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. நான் நிற்கவில்லை. மைக்கை வைத்துவிட்டுத் தொண்டையைத் திறந்தேன்.

அதிகாரி வாட்ச்சைப் பார்த்து எழுந்தார். "டைம் ஆயிடுச்சிங்க, துறைமுகத்துல காத்திருக்காங்க."

அண்ணன் இன்னும் வாயே திறக்கவில்லை. என்னைப் பார்த்தார் ஒரு பார்வை. உலையே தேவலாம்.

அந்தம்மா எழுந்தார், தள்ளாடினார், பொத்தென்று உட்கார்ந்தார். முகம் தக்காளி. மோர் ஊற்ற வந்திருந்த ஸ்டெல்லா ஓடிப்போய் முதலில் சால்வைகளை உருவினாள். மூச்சு வந்ததும் அந்தம்மா ஏதோ கேட்க, மொழிபெயர்க்கும் பெண் சொன்னாள்: "இங்க எப்பவும் இவ்ளோ சூடான்னு கேக்குறாங்க."

"இது இன்னா சூடு?" என்றார் அண்ணன். "அந்த நாலு சால்வையும் போத்திக்கினு ஏணி ஏறி, உல மேல எட்டு மணி நேரம் குந்தச் சொல்லும்மா. அதான் எங்க வேல."

அந்தம்மா பேனாவை எடுத்தார். நின்றிருந்த அதிகாரியும் உட்கார்ந்தார். துறைமுகம் காத்திருந்தது.

ரிப்போர்ட்டில் வரி வந்தது. துறை, முதலாளிகளைக் கூப்பிட்டுப் பேசியது. எங்கள் ஆலையில் கூண்டுக்கு ஏசி வந்தது. வராத ஆலைகளுக்காகச் சங்கம் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறது (பேச்சாளர் பட்டியலில் நான் இல்லை).

கதையைக் கேட்டுச் சிரித்த சம்பந்தி, "பரவால்லைங்க, ரெண்டு வார்த்த பேசட்டும்" என்று மைக்கை என்னிடமே கொடுத்துவிட்டார். தொண்டையைக் கனைத்தேன். ஏழுமலை அண்ணன் எழுந்தார். சம்பந்தி வீட்டாருக்குப் போர்த்தத் தட்டில் வைத்திருந்த சால்வைகளை ஒவ்வொன்றாக எடுத்து என்மேல் போர்த்தினார். நாலாவதையும் போர்த்தி முடித்து, எனக்குக் காற்று வந்துகொண்டிருந்த ஃபேனை மாப்பிள்ளை வீட்டார் பக்கம் திருப்பி வைத்தார்.