டீ மேஜைக்கு மேலே ஓர் எச்சரிக்கை

எதையும் முன்கூட்டியே சொல்லி எச்சரிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. விருந்தாளி செருப்பைக் கழற்றும்போதே, "ரெண்டாவது படி வழுக்கும், குழம்புல உப்பு கொஞ்சம் தூக்கலுங்க" என்று சொல்லிவிடுவேன். இந்த வியாதியால் ஒரு மனிதரின் ஆசையில் மண்ணள்ளிப் போட்டிருக்கிறேன். அவர் என் மாமனார்.

கோயம்புத்தூரிலிருந்து குன்னூருக்கு மருமகளாக வந்து அப்போது நான்கு மாதம். மாமனாருக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. அதுவரை பச்சை இலையை ஃபேக்டரிக்குக் கொடுத்துவந்தவர், முதன்முறையாகத் தன் கையாலேயே உருட்டி, காயவைத்து, சொந்தமாகத் தூள் தயாரித்திருந்தார். எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் ஞாயிறு மத்தியானம் ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் கொலைப் படம் போட ஏற்பாடாகியிருந்தது. இடைவேளையில் எல்லோருக்கும் அவருடைய டீ. நாலு பேர் நன்றாக இருக்கிறது என்றால் விற்கத் தொடங்குவது, இல்லாவிட்டால் பழையபடி ஃபேக்டரி. முதல் நாள் முழுக்க மனிதர் சரியாகச் சாப்பிடவே இல்லை.

முந்தைய மாதம் போட்ட பேய்ப் படத்தில் குழந்தைகள் அலறியதால், இந்த முறை பார்வையாளர்களுக்கு எச்சரிக்கை எழுதி ஒட்டச் சொன்னார்கள். அந்த வேலையை நானே வலியப் போய் வாங்கிக்கொண்டேன். (சும்மா இருந்திருக்கலாம்.) படத்தை இரண்டு முறை பார்த்துக் குறிப்பெடுத்தேன். 'மூன்று கொலைகள், ஓயாத சிகரெட், மாடியிலிருந்து ஒருவர் விழுதல், டீயில் விஷம் கலந்து கொடுத்தல் ஆகிய காட்சிகள் உண்டு. இதய நோயாளிகள் தவிர்க்கவும்.' வாசல், சுவர், தூண் என்று ஒட்டியும் ஒரு தாள் மிஞ்சியது. டீ மேஜைக்கு மேலே இடம் காலியாக இருந்தது. ஒட்டிவிட்டேன்.

இடைவேளைக்கு இரண்டு நிமிடம் முன்னால் அந்த டீ காட்சி வந்தது. ஒரே மடக்கு. தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஆள் சரிந்தார். விளக்கைப் போட்டார்கள்.

எல்லோரும் மேஜைக்கு வந்தார்கள். தாளைப் படித்தார்கள். பிறகு மாமனாரின் முகத்தைப் பார்த்தார்கள். பதற்றத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. குன்னூர் குளிரில் ஒருவருக்கு வேர்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"ஏனுங்க, கலரு வேற மாதிரி இருக்குதுங்களே?" என்றார் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தாசில்தார்.

"கடைத்தூளு இல்லீங்க. என்ற கையால நானே செஞ்சதுங்க."

"ஓ, நீங்களே செஞ்சதுங்களா?" என்று டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "மொதல்ல நீங்க குடிங்க" என்று மனைவியிடம் மரியாதையாகச் சொன்னார். அந்த அம்மா முறைத்த முறைப்பு எந்தக் கொலைப் படத்திலும் இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் குடிக்கிறேன் மாமா!" என்று ஒரு டம்ளரை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தேன். கொதிக்கிற டீ. நாக்கு வெந்து, புரையேறி, தொண்டையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். படத்தில் அந்த ஆள்கூட இத்தனை தத்ரூபமாகச் செய்யவில்லை.

"ஐயோ, சோப்புத் தண்ணி குடுங்க, வாந்தி எடுக்கட்டும்!" என்று யாரோ கத்தினார்கள். கொடுத்தும்விட்டார்கள்.

அதன்பின் யாரும் படத்தைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்கள். மாமனார் அத்தனை டீயையும் தானே சாக்கடையில் ஊற்றினார். அன்று வீட்டுக்குப் போய் வெட்கத்தில் அழுதேன்.

மறுநாள் இலை ஃபேக்டரிக்குப் போனது. காலையில் வீட்டில் எல்லோருக்கும் டீ, எனக்கு மட்டும் காபி. ஏன் மாமா என்று கேட்டேன்.

"உனக்கு எதுக்கு சாமி வீண் சந்தேகம்?" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். மாமியார்தான் முதலில் சிரித்தார்.

பதினோரு வருடமாகிறது. இரண்டு வருடம் கழித்து மறுபடி முயன்று, இப்போது அவருடைய தூள் கோத்தகிரி வரைக்கும் போகிறது. (பாக்கெட்டில் எழுத என்னை விடுவதில்லை.) வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் டீ கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் தன் கையாலேயே காபி கலந்து எடுத்து வருவார். யாராவது காரணம் கேட்டால் போதும், சோப்புத் தண்ணீர் வரைக்கும் ஒன்று விடாமல் சொல்வார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், கையிலிருக்கும் டம்ளரை ஒரு தரம் மோந்து பார்த்துக்கொள்வார்கள்.