கழலாத ஆறு ஆணிகள்

ஆணியின் தலை மட்டும் கையோடு வந்தது. உடல் மரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

சுதாகரன் திருப்புளியையும் அலுமாரிக் கதவையும் மாறிமாறிப் பார்த்தார். விரலில் சிவப்பாய் ஏதோ தூள் ஒட்டியிருந்தது. காற்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"ஏன் தம்பி அதைப் போட்டு வதைக்கிறீர்?" என்றார் கதிரையில் இருந்த மீனாம்பிகை ரீச்சர். "ரெண்டு வருசமா அந்தக் கதவு ஒரு ஆட்டம் ஆடேல்லை."

"அதுதான் ரீச்சர் பிரச்சினை."

"ஆடாததோ?"

 சுதாகரன் அடுத்த ஆணியில் திருப்புளியை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினார். அதன் தலையும் உடைந்தது. இனி ஒரே வழிதான். பிணைச்சலின் மற்றப் பக்கத்துப் பித்தளை ஆணிகளைக் கழற்றி, கதவை முழுதாகத் தூக்கினார்.

"கதவில்லாமல் என்ரை சீலையள் எல்லாம் தெருவைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?"

"கறையான் ரீச்சர்," என்றார் சுதாகரன். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

கரம்பொன் ஊரில் லேத் பட்டறை வைத்திருக்கும் சுதாகரன் கண்டுபிடித்த திருகாணி அது. பார்வைக்குக் கடையில் விற்கும் ஆணிதான், தலையில் மாற்றமில்லை. உடம்பில்தான் வித்தியாசம். நுனிப்பக்கம் அரை அங்குலத்துக்குப் புரியை எதிர்த்திசையில் வெட்டி, இரண்டு புரிகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு பள்ளம் விட்டிருந்தார். ஆணி இறங்கியதும் மரம் அந்தப் பள்ளத்துக்குள் அமர்ந்துகொள்ளும், பிறகு வள்ளத்து எஞ்சின் எவ்வளவு அதிர்ந்தாலும் கழலாது என்பது அவருடைய யோசனை. பட்டறையில் ஒரு மென்பலகையில் போட்டுப் பார்த்தார், நின்றது. நல்ல மரத்திலும் நிற்குமா என்று பார்க்க, ஆறு ஆணிகளைக் கடைந்து, தச்சுவேலை செய்யும் அன்ரனிதாசிடம் கொடுத்தார். அன்ரனிதாஸ் ரீச்சரின் அலுமாரியில் இரண்டு, சனசமூக நிலையத்தின் அறிவித்தல் பலகையில் இரண்டு, றொஜனின் வள்ளத்து இருக்கையில் இரண்டு என்று வேலையை முடித்து, மேலே பெயின்ற் பூசியும் விட்டிருந்தான். அதிலிருந்து இரண்டு வருடமாக, அந்த மூன்று இடங்களையும் கடக்கும்போதெல்லாம் சுதாகரன் விரலால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். ஆணிகள் அசைந்ததே இல்லை.

சுதாகரனின் மனைவி கேதீஸ்வரியின் அக்கா மகள் கஜாலினி கொழும்பில் ஆக்கவுரிமை, அதாவது பேற்றன்ற், முகவராக இருக்கிறாள். இப்படி ஒரு ஆணியை முன்பு யாரும் பதிந்திருக்கிறார்களா என்று ஆறு வாரம் தேடிவிட்டு, முந்தின நாள் வெள்ளிக்கிழமை அவள் தொலைபேசி எடுத்தாள்.

"நாற்பத்தொரு பழைய ஆணி கிடைச்சுது சித்தப்பா. ஒரு ஜெர்மன்காரர் ரெண்டு புரி போட்டிருக்கிறார். ஒரு யப்பான்காரர் புரியைத் திருப்பியும் போட்டிருக்கிறார். நடுவிலை பள்ளம் விட்டவர் ஒருத்தரும் இல்லை."

சுதாகரன் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். உலகத்தில் ஒருத்தரும் இல்லை. அதை அவர் மெதுவாக விழுங்கினார்.

"ஆனால் புதிசா இருந்தால் மட்டும் காணாது. இந்தத் தொழில் தெரிஞ்ச ஒருத்தருக்கு லேசாத் தோன்றக்கூடிய யோசனையா இருக்கக்கூடாது."

அதை அவர் ஆணிகளைக் கொடுத்த அன்றைக்கே அன்ரனிதாசிடம் கேட்டிருந்தார். "உமக்கு இப்பிடி ஒரு ஆணி செய்ய யோசனை வந்திருக்குமோ?"

அன்ரனிதாஸ் நெடுநேரம் கடலைப் பார்த்தான். "சத்தியமா ஒருநாளும் வந்திராது அண்ணை."

அதைச் சொன்னதும் கஜாலினி சிரித்தாள். "நல்ல சாட்சி. இனி ஒரு கேள்விதான். இதை எங்கையாவது ஆக்கள் பாவிச்சவையோ? கடைசி ஒரு வருசத்துக்குள்ளை, நீங்கள் குடுத்துப் பாவிச்சதெண்டால் சமாளிக்கலாம். அதுக்கு முந்தியே எண்டால் அது புதிசில்லை. உங்கடை ஆணியே உங்கடை ஆணிக்கு முந்தின கண்டுபிடிப்பு ஆகிடும்."

"இல்லைப் பிள்ளை," என்றார் சுதாகரன்.

"அப்ப வாற வெள்ளிக்குள்ளை ஒருத்தரும் பாவிக்கேல்லை எண்டு நான் அனுப்புற பத்திரத்திலை கையெழுத்து வைச்சு அனுப்புங்கோ."

சுதாகரன் காசுக்கு ஆசைப்பட்டவர் அல்ல. அவருடைய அண்ணன்மார் இரண்டு பேரும் வெளியில். ஒருவர் ரொறன்ரோவில், மற்றவர் பாரிசில். எப்போது கதைத்தாலும், "இன்னும் அங்கைதான் இருக்கிறாய் என்ன?" என்றுதான் தொடங்குவார்கள். அதற்குச் சரியான பதில் ஐம்பத்திரண்டு வயதுவரை அவருக்குக் கிடைக்கவில்லை. ஒரு தாளில் தன் பெயர் எழுதி, இது முதலில் இவனுக்குத்தான் தோன்றியது என்று அரசாங்கம் முத்திரை குத்தினால், அந்தத் தாளைச் சுவரில் மாட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாம்.

அதற்காக ஒரு சொல் பொய் சொன்னார். அந்த ஒரு சொல்லை உண்மையாக்கத்தான் ஆறு ஆணிகளையும் கழற்றக் கிளம்பினார்.

ஞாயிறு காலை சனசமூக நிலையத்துக்குப் போனபோது, கறையான் செய்தி அவருக்கு முன்பே அங்கே போயிருந்தது. பத்திரிகை படித்துக்கொண்டிருந்த நாலு பேர் எழும்பி வந்தார்கள். ஒருவர் பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"சத்தம் வேறை மாதிரித்தான் இருக்கு."

"ஓம், உள்ளை தின்றிட்டுது போலை."

"ஆணியை மட்டும் எடுத்தால் காணும்," என்றார் சுதாகரன்.

"சீச்சீ, கறையான் எண்டால் முழுதா எடுக்கவேணும்."

அவர்களே வாள் கொண்டுவந்து, சட்டத்தோடு அறுத்து, ஓட்டோவிலும் ஏற்றிவிட்டார்கள். பலகையில் குத்தியிருந்த பொதுக்கூட்ட அறிவித்தலும் கூடவே போனது. அன்று பின்னேரக் கூட்டத்துக்குத் தலைவரும் செயலாளரும் மட்டும் வந்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஊர்காவற்துறை இறங்குதுறையில் றொஜனைப் பிடித்தார். அவனுடைய வள்ளம் அனலைதீவுக்கு ஆட்களை ஏற்ற நின்றது.

"கடலிலை ஓடுற வள்ளத்துக்கும் கறையான் வருமோ அண்ணை?"

"மரத்திலை முதலே இருந்திருக்கும்."

"அப்ப அன்ரனி அண்ணை போட்ட மரமோ பழுது?"

சுதாகரன் குனிந்து திருப்புளியை ஆணியில் வைத்தார். பேசாமல் இருப்பதும் ஒரு பதில்தான். வீட்டில் அதை அவர் நெடுங்காலமாகப் பாவித்து வந்தவர். 

அங்கேயும் இரண்டு தலைகள் உடைந்தன. இருக்கைப் பலகையை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது.

"சனம் எதிலை இருக்கிறது அண்ணை?" என்றான் றொஜன்.

இரவுச் சாப்பாட்டின்போது கேதீஸ்வரி கேட்டாள். "விறாந்தையிலை நிண்ட ரெண்டு பிளாஸ்ரிக் கதிரையும் எங்கை?"

"அனலைதீவுக்குப் போயிட்டுது."

அவள் கறிக்கரண்டியைக் கீழே வைத்தாள். 

வியாழன் பின்னேரம் சுதாகரன் பட்டறையின் பின்னறையில் தனியே இருந்தார். சுவரோடு மூன்று சாமான்கள் சாய்ந்து நின்றன: அலுமாரிக் கதவு, அறிவித்தல் பலகை, வள்ளத்துப் பலகை. ஆறு ஆணிகளும் அவற்றுக்குள்தான் இன்னும் இருந்தன. ட்றில் மெசினின் இரண்டு ஊசிகள் முறிந்துவிட்டன.

வெளியே காற்று பனைகளில் உரசிக்கொண்டிருந்தது. அவர் அந்த மூன்று பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். செய்தவன் வந்து கேட்டும் ஆணிகள் கழல மாட்டோம் என்கின்றன. இதைவிடப் பெரிய பரிசோதனை எந்த நாட்டில் நடக்கப்போகிறது? பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை ஒருவரிடமும் சொல்ல முடியாமல் இருந்தது. கழலாத ஒன்றைச் செய்தவன், சொன்ன சொல்லில் கழன்றுபோய் இருக்கிறேனே என்று நினைத்தார். அந்த நினைப்பு வந்தபிறகு பலகைகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கேதீஸ்வரி தேத்தண்ணியோடு வந்து வாசலில் நின்றாள்.

"அன்ரனிக்கு ஒரு வேலையும் இல்லையாம். ரீச்சர் யன்னல் வேலையை வேண்டாம் எண்டிட்டா. சனசமூக நிலையத்துக்கு இருக்கை வாங்கு செய்யிற வேலையும் போச்சாம். அவன்ரை மரத்திலை கறையானாம் எண்டு ஊர் முழுக்கக் கதை."

சுதாகரன் தேத்தண்ணியை வாங்கவில்லை. கையெழுத்து வைக்காத பத்திரம் மேசையில் கிடந்தது. அதை ஒருபக்கம் தள்ளிவைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

"ஆருக்கு?"

"கஜாலினிக்கு. ஆணியை ரெண்டு வருசமா ஊரே பாவிக்குது எண்டு சொல்லப்போறன். அந்தப் பேப்பர் வேண்டாம்."

"அண்ணன்மாருக்கு என்ன சொல்லுவியள்?"

"இன்னும் இஞ்சைதான் இருக்கிறன் எண்டு."

கேதீஸ்வரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கலியாணம் செய்த புதிதில் அப்படிப் பார்த்தவள். அதற்குள் படலை திறந்த சத்தம் கேட்டது. அன்ரனிதாஸ் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு உள்ளே வந்தான். நாலு நாள் தாடி.

"அண்ணை, என்ரை மரத்திலை கறையான் எண்டு நீங்கள் சொன்னனீங்களோ?"

"ஓம் அன்ரனி. பொய் சொன்னனான்."

சுதாகரன் எல்லாவற்றையும் சொன்னார். ஜெர்மன்காரர், யப்பான்காரர், நடுவிலுள்ள பள்ளம், ஒரு வருடக் கணக்கு, கஜாலினிக்குச் சொன்ன 'இல்லை'. எதையும் மிச்சம் வைக்கவில்லை. "நாளைக்கு வீடு வீடாப் போய்ச் சொல்லுறன். உம்மடை மரத்திலை ஒரு குறையும் இல்லை. பேற்றன்ற் போகட்டும். நீர் போட்ட ஆறு ஆணியும் ரெண்டு வருசம் ஊருக்கு உழைச்சிருக்கு, அதை நான் மறைக்க ஏலாது."

 அன்ரனிதாஸ் சுவரோடு நின்ற மூன்று பலகைகளையும் பார்த்தான். உடைந்த தலைகள் மேசையில் வரிசையாகக் கிடந்ததைப் பார்த்தான். ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினான். முகத்தில் இருந்த கோபம் மெல்ல மெல்ல வேறொன்றாக மாறியது. சுதாகரன் அதை இரக்கம் என்று நினைத்தார், சரியாகத்தான் நினைத்தார்.

பிறகு அவன் வெளியே போய், சைக்கிள் பையிலிருந்து ஒரு சின்னத் தகரப் பெட்டியை எடுத்துவந்து மேசையில் வைத்துத் திறந்தான். எண்ணெய் பூசிய காகிதத்துக்குள் ஆறு திருகாணிகள். இரண்டு புரிகளும், நடுவில் பள்ளமும், கடைந்த அன்று இருந்த மினுக்கத்தோடு.

"பயப்பிடாமல் கையெழுத்து வையுங்கோ அண்ணை," என்றான். "நீங்கள் தந்தது ஒண்டும் நல்ல மரத்துக்குள்ளை இறங்கேல்லை, எதிர்ப்புரி விடேல்லை, சொன்னால் உங்களுக்கு மனவருத்தம் எண்டு கடை ஆணியைத்தான் போட்டனான், இந்த உப்புக்காத்திலை துருவேறிக் கறள் பிடிச்சால் எந்த ஆணிதான் கழலும்?"