குளிரூட்டியைத் திருகியவர்

அறையில் இருந்தவர்கள்: கடல்வாழ் காட்சியகத்தின் மூத்த பராமரிப்பாளர், மூன்று மாதத்துக்கு முன் சேர்ந்த பெண், தரை துடைக்கும் அக்கா, மூளையே இல்லாத நாற்பது ஜெல்லிமீன்கள். இவர்களில் பொறாமையில் வெந்துகொண்டிருந்தவர் மூத்தவர் மட்டும்தான்.

"ரெண்டு வாரம் லீவு சார். என் தொட்டிக்கு அக்கா தீனி போட்டுடுவாங்க," என்றாள் புதியவள்.

"ஏன், நான் செத்துட்டேனா?"

"உங்க தொட்டி தண்ணி கஞ்சி மாதிரி இருக்கே சார்."

பொய்யில்லை. ஜெல்லிமீன் முதலில் அரிசி அளவு மொட்டாகக் கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கும். பிறகு அந்த மொட்டு தட்டுத் தட்டாகப் பிரிந்து குட்டிகளாக நீந்தும். ஆளுக்கொரு தொட்டி மொட்டுகள். யார் குட்டி பிரிய வைக்கிறாரோ அவருக்கே அறைச் சாவியும் பொறுப்பும் என்றிருந்தார் மேலாளர். மூத்தவரின் பன்னிரண்டு வருட சர்வீஸ் பதறிப்போய் இரட்டைத் தீனி போட்டது. பாதி மொட்டுகள் அழுகின.

அவள் லீவில் போனதும் தன் தொட்டித் தண்ணீரை மாற்றினார். அவசரத்தில் உப்புக் கலக்க மறந்தார். மீதியும் போயின.

பக்கத்தில் அவள் மொட்டுகள் பளிச்சென்று நின்றன. எட்டிப் பார்த்தார், யாருமில்லை. அவள் தொட்டியின் குளிரூட்டியைக் கடைசிவரை திருகினார்.

"விறைச்சுச் சாவுங்க."

இரண்டு வாரம் கழித்து அவள் திரும்பிய அன்று, மேலாளரும் வந்தார். குளிரூட்டியைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"யாரு இதைத் திருகினது?"

"சத்தியமா நான் இல்ல சார்!" என்று முந்தினார் மூத்தவர். "அந்தத் தொட்டிப் பக்கமே போகல. அக்காவைக் கேளுங்க!"

"நானும் இல்ல சார். ஊர்லயே இல்ல," என்றாள் அவள்.

மேலாளர் தொட்டி விளக்கைப் போட்டார். தொட்டி முழுக்க நூற்றுக்கணக்கான குட்டிகள் துடித்துத் துடித்து நீந்தின.

"குளிர் பட்டாத்தான் மொட்டு பிரியும். அப்போ திருகினவங்களுக்குத்தான் சாவி."

மூத்தவர் வாயைத் திறந்தார். தான் செய்த சத்தியம் நினைவுக்கு வந்ததும் மூடிக்கொண்டார்.

"அவர் தொடலைங்க," என்றாள் அக்கா. "தீனி போட்டது, திருகினது எல்லாம் நான்தான்."

சாவி அக்கா கைக்கு மாறியது. அக்கா மற்ற இருவரையும் அனுப்பிவிட்டு, மூத்தவரை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள்.

"நீங்க திருகின அன்னிக்கு நான் கதவுக்குப் பின்னாடிதான் சார் துடைச்சிட்டிருந்தேன். எந்தப் பக்கம் திருகணும்னு நீங்கதான் காட்டினீங்க."

கதவைச் சாத்தினாள். உள்ளே பூட்டு விழுந்தது.