நீ ஜோடியாக ஒட்டி அனுப்பிய மாத்திரைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். உன் நலமறிய ஆவல் என்பதை இந்த முறை வெறும் மரியாதைக்காக எழுதவில்லை.

காலையில் எழுந்ததும், பல்கூட விளக்காமல், நீ அனுப்பிய டப்பாவைத் திறந்தேன். மஞ்சள் வலி மாத்திரையையும் வெள்ளை அமில மாத்திரையையும் டேப் போட்டு ஜோடி ஜோடியாக ஒட்டி அனுப்புவாயே, எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். "காலங்காத்தால யாருக்கு விவாகரத்து?" என்றார் இவர். நான் சிரிக்கவில்லை. நீயும் சிரிக்காதே.

விதைப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுவதும் தட்டின் மேல் குனிந்து, இடுக்கியால் சொத்தை விதைகளைப் பொறுக்குகிறவளுக்குக் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்? நீதான், "மஞ்சளைப் போடு, வலி ஓடிடும். கூடவே வெள்ளையைப் போட்டா வயித்துக்கு ஒண்ணும் ஆகாது. என் முழங்காலுக்கு நான் போடலையா?" என்றாய். வலி ஓடித்தான் போனது. பிறகு படியேறினால் மூச்சு வாங்கியது, முகம் வெளுத்தது, நிறம் கூடிவிட்டதென்று நான் கண்ணாடி முன் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது உடம்பில் ரத்தமே இல்லை என்றார்கள், வாய் வழியாகக் குழாய் விட்டார்கள், இரைப்பை பளிங்கு மாதிரி இருக்கிறதாம், எதிர்ப்பக்கமிருந்தும் பார்த்தார்கள் (அத்தானும் இதைப் படிப்பார் என்பதால் விவரிக்கவில்லை), அங்கேயும் ஒன்றுமில்லை, கடைசியில் மாத்திரை அளவுக் கேமரா ஒன்றை விழுங்க வைத்து, அது அனுப்பும் படங்களைப் பிடிக்க இடுப்பில் ஒரு பெட்டியையும் கட்டி அனுப்பிவிட்டார்கள். நான் நேரே வேலைக்குப் போனேன்.

"இடுப்புல என்னம்மா?" என்றார் காவலாளி.

"படம் ஓடுது."

"என்ன படம்?"

"நானே இன்னும் பாக்கலைங்க."

இவர் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, "கேமராவைக் கழுவித் திருப்பிக் குடுக்கணுங்களா?" என்று கேட்டார். வேண்டாமாம். மகளுக்குத்தான் பெரிய நிம்மதி.

படத்தில் சிறுகுடல் நெடுகப் புண். அங்கங்கே ரத்தக் கசிவு. "வெள்ளை மாத்திரை போட்டேனே டாக்டர்!" என்றேன். "அது இரைப்பையில அமிலத்தைக் குறைக்கும்மா. சிறுகுடல் வரைக்கும் காவல் வராது. வலி மாத்திரை அங்க உள்தோலை நலிய வெச்சிடும், அப்புறம் பித்தநீரும் கிருமிகளும் அதைப் புண்ணாக்கும்" என்றார். வலிக்கவே இல்லையே என்றதற்கு, பலருக்கு வலிக்காது என்றார். வெளித்தோலைப் பார்த்தே விதையின் சொத்தையைச் சொல்கிறவள், முன்வாசலைப் பூட்டிக்கொண்டு பின்வாசலைத் திறந்து வைத்திருந்திருக்கிறேன்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். போன வாரம் மாடியிலிருந்து துணி எடுத்துவந்து போனை எடுத்தபோது நீயும் மூச்சு வாங்கினாய். "வயசாகுதுடி" என்றாய். என்னைவிட இரண்டு வயது மூத்தவளுக்கு அப்படி என்ன வயது? ரத்தத்தைப் பரிசோதித்துப் பார் என்றால், "நான்தான் வெள்ளையும் போடறேனே, சும்மா பயமுறுத்தாதே" என்று போனை வைத்துவிட்டாய். என் மேஜையை உயர்த்திக்கொண்டேன், கழுத்துக்கு ஒத்தடம் கொடுக்கிறேன், மஞ்சளைத் தொடுவதில்லை. நீயும் அதை நிறுத்தி, டாக்டரைப் பார்த்து, ரத்தம் எவ்வளவு என்று எழுதும்வரை உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். வழக்கம்போல் இளகிவிடுவேன் என்று நினைக்காதே. இந்த முறை கல்.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உனக்குக் கோபம் மட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: மேலே போட்ட சபதத்தை அடித்துவிடு. கடிதம் தபாலில் வந்து சேர்வதற்குள் நீ எத்தனை ஜோடி விழுங்குவாயோ! சாயங்கால ரயிலில் கிளம்பப்போகிறேன். இவருக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியாது, கூடத்தில் விடுப்புகூடக் கேட்கவில்லை. கடிதத்தை நானே உன் கையில் தருவேன். இந்த வரியைப் படிக்கும்போது நீ ரத்தம் எடுக்கும் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். எழுந்து ஓடப் பார்க்காதே; உன் செருப்பு என் பையில் இருக்கிறது.